உப்பு தின்னாத பங்கு

ராயபுரம் முதல் எண்ணூர் வரை வீடு வாங்க நினைக்கும், வாங்கிய வீட்டைக் காப்பாற்றப் பாடுபடும், விற்றுவிடலாமா என்று யோசிக்கும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு நம் பக்கம் வீடு தேடுகிறவர்களும் கூடிவிட்டார்கள், வீடு காட்டுகிறவர்களும் கூடிவிட்டார்கள். டோல்கேட்டில் இறங்கினால் ஐந்து நிமிட நடை, காலடிப்பேட்டையில் இறங்கினால் பத்து நிமிடம் என்று தரகர் முதலில் தூரத்தைச் சொல்கிறார். அப்புறம் சதுர அடி, அப்புறம் விலை. இந்த மூன்றை மட்டும் கேட்டுவிட்டு அன்று மாலையே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிற குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. துறைமுகத்தில் ஆயுசைக் கழித்தவரின் கிராஜுவிட்டி, ஆலையில் வேலைபார்த்தவரின் பி.எஃப்., சீட்டுக் கட்டி எடுத்த பணம், அம்மாவின் நகை எல்லாம் சேர்ந்த அட்வான்ஸ் அது.

பழுதான கான்கிரீட்டைச் சரிசெய்யும் வேலைக்காக இந்தக் கரையோரத்து வீடுகளுக்குள் போய்வருகிறவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கடலோரத்தில் ஒரு வீட்டை வாங்கும்போது உண்மையில் இரண்டு சொத்துகளை வாங்குகிறோம். ஒன்று கட்டடம். அதை உப்புக்காற்று வருடா வருடம் தின்றுகொண்டிருக்கும். இன்னொன்று அது நிற்கிற மண். அதை உப்பு தின்னாது. கட்டடத்தின் மதிப்பு இறங்க இறங்க, மண்தான் உங்கள் பணத்தைத் தாங்கி நிற்கும். ஆகவே மண் உங்கள் பெயருக்கு வராத ஒரு வீட்டை இங்கே வாங்கினால், அழிகிற பாதியை மட்டும் வாங்குகிறீர்கள். அம்பத்தூரிலோ தாம்பரத்திலோ வாங்குகிறவருக்கு இது இவ்வளவு சீக்கிரம் உறைக்காது. நமக்கு இருபது வருடத்துக்குள் உறைத்துவிடும்.

ஆகவே மண்ணிலிருந்து தொடங்குகிறேன்.

நம் பகுதியில் கோயில் மனையிலும், தர்ம டிரஸ்ட், தேவாலய, வக்ஃபு நிலங்களிலும் தலைமுறைகளாக வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் உண்டு. திருவொற்றியூர் போன்ற பழைய கோயில் ஊரில் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அந்த வீடுகள் விற்பனைக்கு வரும்போது பத்திரத்தில் 'கட்டடம் மட்டும்' என்றுதான் எழுதுவார்கள். மனைக்கு மாதா மாதம் கோயிலுக்கு வாடகை போகும். விலை பக்கத்துத் தெருவைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும். அந்தக் குறைவுதான் ஆளை இழுக்கிறது. ஆனால் 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, உரிய அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை யார் விற்றாலும் செல்லாது. மனை வாடகையும் தாத்தா காலத்து வாடகையாகவே நிற்காது. அதே சட்டத்தின் 34-ஏ பிரிவு நியாய வாடகையை நிர்ணயிக்கவும் அவ்வப்போது மாற்றியமைக்கவும் வழிசெய்கிறது. வாடகை உயர்ந்து, பழைய பாக்கியும் சேர்ந்து, நோட்டீஸ் வரும்போது அது வாங்கியவர் தலையில்தான் விழும்.

'நாற்பது வருஷமா இருக்கோம், மண்ணை நமக்கே எழுதிக் கொடுத்துடுவாங்க' என்று பெரியவர்கள் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. 1921-ஆம் ஆண்டு நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, பிறர் மனையில் வீடு கட்டியவர் நீதிமன்றம் மூலம் அந்த மனையை விலைக்குக் கேட்கலாம் என்றது. 1996-இல் வந்த திருத்தம் கோயில், தேவாலயம், வக்ஃபு போன்ற சமய நிறுவனங்களின் நிலங்களை அந்த உரிமையிலிருந்து விலக்கிவிட்டது. அந்தக் கதவு மூடி வெகு நாளாகிறது. ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. வாடகையைப் பாக்கி இல்லாமல் கட்டி, ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். ஆனால் ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டுப் புதிதாக அப்படி ஒரு வீட்டை வாங்காதீர்கள். என்ன விலை குறைத்தாலும் வேண்டாம்.

வாரிய வீடு இன்னொரு வகை. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அந்த அமைப்பு நம் பகுதியில் எத்தனையோ குடும்பங்களுக்கு வீடு கொடுத்திருக்கிறது. ஒதுக்கீடு பெற்றவர் தவணை முழுவதையும் கட்டி, வாரியம் அவர் பெயருக்குக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்வரை அது அவர் விற்கக்கூடிய சொத்து அல்ல. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி முத்திரை குத்தி, சாட்சிக் கையெழுத்து வாங்கினாலும் அது கிரயம் ஆகாது. நாளைக்குக் கட்டடத்தை இடித்துக் கட்டும் நிலை வந்தால் வாரியம் முதலில் பார்ப்பது ஒதுக்கீட்டு ஆணையில் உள்ள பெயரை.

'பவர்' பத்திரத்தை நம்பி வாங்குவதும் இதே வகைதான். பொது அதிகார ஆவணத்தின் மூலமோ விற்பனை ஒப்பந்தத்தின் மூலமோ மட்டும் சொத்துரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. காசிமேட்டிலிருந்து தாழங்குப்பம் வரையிலான குப்பங்களில் பி-மெமோ ரசீதைக் காட்டி 'அரசாங்கமே ஒத்துக்கிட்ட இடம்' என்பார்கள். புறம்போக்கில் இருப்பதற்காக விதிக்கும் அபராதத்தின் ரசீது அது. அதை வைத்துக்கொண்டு உரிமை கோர முடியாது.

கடலுக்கு மிக அருகில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்த மணல் அங்கேயே தடைபட்டது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. இன்று எண்ணூர் விரைவுச்சாலை ஓரம் நீளும் கருங்கல் சுவரும், கடலுக்குள் நீட்டிய கல்தடுப்புகளும் அந்த அரிப்பை நிறுத்தப் போட்டவைதான். இதற்கும் பத்திரத்துக்கும் என்ன தொடர்பு என்றால், பழைய பத்திரங்களில் கிழக்கு எல்லையாகக் காட்டியிருக்கும் மணல்வெளி இன்று தண்ணீருக்கடியில் இருக்கலாம். பத்திரத்தில் உள்ள சதுர அடியை நம்பாமல், நில அளவையரை வைத்துத் தரையில் அளந்து பாருங்கள். உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. ஏற்கெனவே உள்ள சாலைக்குக் கடல் பக்கமாக இருக்கும் இடத்தில் புதுக் கட்டடத்துக்கு அனுமதி எதிர்பார்க்க முடியாது. 'பழைய வீட்டை வாங்கி இடித்துவிட்டு நாலு மாடி கட்டலாம்' என்று கணக்குப் போடுகிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ.) கேட்டுவிடுங்கள்.

மண் யாருடையது என்று கண்டுபிடிக்க அதிகச் செலவில்லை. சர்வே எண்ணை வாங்கி, வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பட்டாவையும் நகர நில அளவைப் பதிவேட்டையும் பாருங்கள். உரிமையாளர் பெயர் வருகிறதா, கோயில் பெயர் வருகிறதா, சர்க்கார் புறம்போக்கு என்று வருகிறதா என்று தெரிந்துவிடும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போடுங்கள். முப்பது வருடத்துக்குக் குறையாமல் போடுங்கள். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை கண்ணி அறுபடாமல் வருகிறதா என்று ஒரு சொந்த வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வங்கி வக்கீல் பார்த்தாரே என்று விட்டுவிடக் கூடாது. அவர் வங்கியின் கடனுக்குப் பாதுகாப்புப் பார்க்கிறார். உங்களுக்காகப் பார்க்க உங்கள் ஆள் வேண்டும். 'ரிஜிஸ்டர் ஆயிடுச்சே' என்பதும் உத்தரவாதம் அல்ல. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது 1908 பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரின் வேலை அல்ல என்று 2025 ஏப்ரல் 7 அன்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மூலப் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸ் போதாது. நம் தெருக்களில் அவசரத்துக்குப் பத்திரத்தை வட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கைமாற்று வாங்கும் பழக்கம் இருக்கிறது. அது எந்த வில்லங்கச் சான்றிலும் வராது. பிறகு வாரிசுகள். அப்பா சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் இறந்துபோன வீட்டில், அம்மாவுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. கல்யாணமாகிப் போன பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாடு 1989-லேயே, அப்போது மணமாகாதிருந்த மகளுக்குச் சம உரிமை கொடுத்துவிட்டது. கிறிஸ்தவக் குடும்பங்களில் ஆண், பெண் பிள்ளைகளுக்குச் சம பங்கு. இஸ்லாமியக் குடும்பங்களில் பங்கின் அளவு வேறுபடும், ஆனால் மகளுக்குப் பங்கு உண்டு. 'தங்கச்சி ஒண்ணும் கேக்க மாட்டா' என்று அண்ணன் சொல்வார். அந்தத் தங்கையையே நேரில் பாருங்கள். அவர் மனமுவந்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவுசெய்து கொடுக்கிறாரா, அல்லது தன் பங்கைப் பெற்றுக்கொண்டு கிரயத்தில் கையெழுத்துப் போடுகிறாரா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுக்குமாடி என்றால் உங்கள் மண் எவ்வளவு என்ற கேள்வி யு.டி.எஸ். (பிரிக்கப்படாத மனைப் பங்கு) என்ற மூன்று எழுத்துக்குள் இருக்கிறது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதில் எட்டு வீடு கட்டினால் ஆளுக்குச் சராசரியாக 300 சதுர அடி மண். பில்டர் தன் பெயரில் ஒரு பங்கை நிறுத்தி வைத்திருந்தால் அதுவும் குறையும். எல்லா வீட்டுப் பங்குகளையும் கூட்டினால் மொத்த மனையும் வருகிறதா என்று பாருங்கள். மொட்டைமாடி யாருக்கு என்பதையும் பாருங்கள். இன்னொன்று. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) கட்டடத்தின் அமைப்பில் குறை வந்தால் ஐந்து வருடம் வரை பில்டரே இலவசமாகச் சரிசெய்துதர வேண்டும் என்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, எட்டு வீட்டுக்கு மேற்படாமலோ கட்டினால் திட்டத்தை ரெராவில் பதிவுசெய்யத் தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது இரண்டு கிரவுண்டைவிடச் சற்றே பெரிது. நம் தெருக்களில் எழும்பும் சின்னச் சின்ன அடுக்குமாடிகள் பலவும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அப்படியென்றால் அந்த ஐந்து வருட உத்தரவாதத்தைக் கட்டுமான ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்குகிற பில்டரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

இனி உப்பு. இது என் தொழில். கொஞ்சம் விரிவாகவே சொல்லவிடுங்கள்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை துருப்பிடிக்காமல் காக்கிறது. கடல்காற்றில் வரும் உப்பின் குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே போய்க் கம்பியைத் தொட்டதும் அந்தக் காவல் உடைந்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். ஊறிய கொண்டைக்கடலை டப்பா மூடியைத் தள்ளுவதுபோல அது கான்கிரீட்டைத் தள்ளி வெடிக்க வைக்கும். முதலில் கம்பி ஓடும் திசையிலேயே நூல்போல ஒரு விரிசல், பிறகு செம்பழுப்புக் கறை, பிறகு பூச்சு உப்பி நிற்பது, கடைசியில் சன்ஷேடோ பால்கனியின் அடிப்பாகமோ பெயர்ந்து விழுவது. இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

இதைத் தள்ளிப்போட இரண்டு விஷயங்கள் வேண்டும்: அடர்த்தியான கான்கிரீட், கம்பிக்கு மேலே போதுமான கான்கிரீட் கனம் (கவர்). ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை, கடலோரச் சூழலில் வெளியே தெரியும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரமும் 45 மில்லிமீட்டர் கவரும் கேட்கிறது. அலைத்தூவல் படும் இடம் என்றால் எம்35, 50 மில்லிமீட்டர். கடலிலிருந்து தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போடுகிற எம்20-ஐ, 20 மில்லிமீட்டர் கவர் பிளாக்கை வைத்து இங்கேயும் போட்டுவிட்டுப் போகிறார்கள். வாங்குபவர் கேட்காததால் அது அப்படியே நடக்கிறது. புது வீடு என்றால் தளம் போடும் முன் கம்பி கட்டியிருக்கும் நாளில் போய் நில்லுங்கள். கவர் பிளாக் எத்தனை மில்லிமீட்டர் என்று கையில் எடுத்துப் பாருங்கள்.

தண்ணீர் இன்னும் முக்கியம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று அதே தரநிலை சொல்கிறது. நம் பக்கத்து போர் தண்ணீர் பல தெருக்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. அந்தத் தண்ணீரிலேயே கலந்து, அந்தத் தண்ணீரையே ஊற்றி ஆறவைத்தால், உப்பு வெளியிலிருந்து வந்துசேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டிய அன்றே உள்ளே இருக்கிறது. 'எந்தத் தண்ணீரில் கட்டினீர்கள், லாரித் தண்ணீரா போரா?' என்ற கேள்வியை பில்டரிடம் மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். கட்டும்போது பார்த்தவர் அவர்தான்.

பழைய வீடு என்றால் பெயிண்டைப் பார்க்காதீர்கள். விற்பதற்கு முன் அடித்த புது பெயிண்ட் எதையும் மறைக்கும். முதலில் சன்ஷேடின் அடிப்பாகம், பால்கனியின் அடிப்பாகம், மாடிப்படியின் அடிப்பாகம், மேல்நிலைத் தொட்டியின் கீழ்ப்பகுதி, குளியலறைக் கூரை ஆகியவற்றைப் பாருங்கள். கீழ்த்தளத் தூண்களை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று வந்தால் சரி. பொத்தென்று வந்தால் உள்ளே பிளந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் பீனால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை இருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும், போய்விட்ட இடம் நிறம் மாறாது. குளோரைடை அறிய மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்குத் தனியே அனுப்ப வேண்டும். லட்சக்கணக்கில் பணம் போடும்போது இந்தச் செலவு பெரிதில்லை.

விரிசலை மதித்தவர்கள் உயிர் பிழைத்த கதை நம் ஊரிலேயே இருக்கிறது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்ததும் குடும்பங்கள் வெளியேறியிருந்ததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. பொருளெல்லாம் போயிற்று, மனிதர்கள் மிஞ்சினார்கள். பிள்ளைகள் வந்து 'சுவர்ல கோடு வந்திருக்கும்மா' என்று சொன்னால் அதைப் போய்ப் பாருங்கள்.

வாங்கிய பிறகு பராமரிப்பு. கடலோரத்தில் வீட்டு வாடகையோ வங்கித் தவணையோ போல அதையும் மாதச் செலவாகவே எழுத வேண்டும். ஆடி, ஆவணியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், மொட்டைமாடியைக் கூட்டித் தண்ணீர் வடிகிற வாயைத் திறந்துவிடுங்கள். தட்டோட்டின் இடுக்கில் செடி முளைத்திருந்தால் வேரோடு எடுத்து இடுக்கை அடையுங்கள். ஜன்னல் கிரில்லில் துரு தெரிந்த அன்றே சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயிண்ட் அடியுங்கள். கிரில்லின் கால் சுவருக்குள் துருப்பிடித்தால் சுவரையும் பிளந்துவிடும். மாற்றுவதாக இருந்தால் இரும்பு ஜன்னலுக்குப் பதில் யு.பி.வி.சி. போடுங்கள். குளியலறைக் கசிவைத் தள்ளிப்போடாதீர்கள். உப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில்தான் கம்பி வேகமாகப் போகிறது.

பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசி மூடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கொத்தனார் ஒரே நாளில் பூசிவிடுவார், அழகாகவும் இருக்கும், இரண்டு மழையில் அதுவே பெரிய துண்டாக விழும். தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் விரல் போகும்வரை உடைத்தெடுக்க வேண்டும். துருவை முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டும். பாதிக்குப் பாதி மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். துருத்தடுப்புப் பூச்சு, பிடிமானப் பூச்சு, அதன்மேல் பாலிமர் கலந்த கலவை என்று வரிசையாகப் போக வேண்டும். தூணையோ பீமையோ உடைப்பதற்கு முன் முட்டுக் கொடுக்க வேண்டும். இதைப் பொறியாளர் இல்லாமல் தொடவே கூடாது.

வாடகைக்கு ஆள் நிறையக் கிடைக்கிறார்கள் என்பதால் மாடிமேல் மாடி எழுப்பும் ஆசை நம் பக்கத்தில் அதிகம். பக்கத்துத் துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் வேலைக்கு வருகிறவர்கள் தங்க இடம் தேடுகிறார்கள், வாஸ்தவம். ஆனால் இரண்டு தளத்துக்குப் போட்ட அஸ்திவாரமும், முப்பது வருடம் உப்பைக் குடித்த தூணும் மூன்றாவது தளத்தைக் கேட்கவில்லை. வாடகை விடுகிறவர்கள் எழுத்து ஒப்பந்தம் போடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

சுற்றுப்புறத்தையும் விலையில் சேர்க்க வேண்டும். 2013-இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் நம் கரையில் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எர்ணாவூர் வீட்டுச் சுவர்களில் கருங்கோடு போட்டது. அதே டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். இவற்றுக்கு நியாயம் கேட்கிற போராட்டம் நடந்துகொண்டே இருக்க வேண்டும், அதில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆனால் வீடு வாங்கும் அன்று நீங்கள் செய்ய வேண்டியது, அந்த வீட்டை ஒரே வேளையில் பார்த்துவிட்டு முடிவெடுக்காமல் இருப்பது. விடியற்காலையில் போங்கள், கன்டெய்னர் லாரி வரிசை கட்டும் நேரத்தில் போங்கள், இரவில் போங்கள், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போங்கள். 2023-இல் எதுவரை தண்ணீர் நின்றது என்று எதிர்வீட்டில் கேட்டு, அந்த அளவை உங்கள் வீட்டு வாசற்படியோடு ஒப்பிடுங்கள். மீட்டர் பெட்டியும் சம்ப்பும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். கிணறோ போரோ இருந்தால் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள்.

விற்பவர்களுக்கு.

எண்ணெய், வாயு, வெள்ளம் என்று செய்தி வந்த மாதத்தில் 'இனி இங்கே யார் வாங்குவார்' என்று சொல்லிக்கொண்டு சிலர் வருவார்கள். அந்த மாதத்தில் விற்காதீர்கள். விற்பது என்று முடிவெடுத்தால் ஒரு வருடத்துக்கு முன்பே காகிதங்களைச் சரிசெய்யத் தொடங்குங்கள். பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் மாற்றுங்கள். சொத்துவரி, குடிநீர் வரி, மின் இணைப்பு எல்லாம் ஒரே பெயரில் இருக்கட்டும். இந்த வேலைகள் முடியாத வீட்டுக்குத்தான் வாங்குபவர் விலையை அடித்துப் பேசுகிறார்.

கிரயத்தில் அரசின் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டி மீதியைக் கையில் வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதால் வாங்குபவர் குறைத்துக் காட்டச் சொல்வார். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமானவரிச் சட்டப்படி தவறு. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரலாம். வாங்குபவருக்கும் நஷ்டம்தான். குறைத்துக் காட்டிய விலைதான் நாளை அவர் விற்கும்போது அடக்க விலையாகும், லாபம் பெரிதாகத் தெரிந்து வரி கூடும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை விற்கிறீர்கள் என்றால், விலையேற்றக் குறியீட்டைச் சேர்க்காமல் 12.5 சதவீதமோ, சேர்த்து 20 சதவீதமோ, எது குறைவாக வருகிறதோ அதைக் கட்டலாம். அந்த லாபத்தில் இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு. விற்பதற்கு முன்னாலேயே ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

பழைய அடுக்குமாடியில் இருப்பவர்கள் தனித்தனியாக அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுப் போக வேண்டாம். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் இடித்துக் கட்ட வழிசெய்கிறது. கட்டடம் முடிந்துபோனாலும் உங்கள் யு.டி.எஸ். முடிந்துபோகவில்லை. மெட்ரோ பக்கத்தில் வந்த பிறகு அந்த மண்ணுக்கு என்ன மதிப்பு என்று சங்கமாகக் கூடிப் பேசிப் பாருங்கள்.

கடைசியாக, வாங்க வருகிறவரிடம் குறையை மறைக்காதீர்கள். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. எந்தத் தூணைச் சரிசெய்தீர்கள், எந்த வருடம், யார் செய்தது, என்ன கலவை போட்டது என்ற பில்களையும் வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருங்கள். வீடு பார்க்க வருகிறவரிடம் பத்திர நகலோடு அதையும் சேர்த்துக் கொடுங்கள். நம் பக்கத்தில் வாங்க வருகிறவரும் பெரும்பாலும் நம்மைப்போல ஒரு தொழிலாளர் குடும்பம்தான்.

அன்புடன்,
உங்கள் தெருக்காரன்